கொடியைப் பார்க்க வாங்கிய லென்ஸ்

“உனக்கு உது பிடிபடாது, பிள்ளை” என்று யாராவது சொன்னால் எனக்குக் காது இரண்டும் சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சைக்கிள் பிடிபடாது என்றார்கள். முழங்கால் இரண்டையும் உரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிக் காட்டினேன். கணக்குப் பிடிபடாது என்றார்கள். அதில் அவர்கள் சொன்னது சரிதான், ஆனாலும் விடாமல் இருந்து சோதனையில் பாஸ் பண்ணினேன்.

கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னவர் என் முதலாளி. சாவகச்சேரியில் அவருடைய ஸ்ரூடியோவில் பதினொரு வருடம் வேலை செய்தேன். உரும்பிராய் வீட்டிலிருந்து கோப்பாய், கைதடி வழியாக ஸ்கூட்டியில் போய் வருவேன். கலியாண வீடுகளில் லைற் பிடிப்பதும், பிறகு வந்து கணினியில் அல்பம் செய்வதும் என் வேலை. கமரா என் கைக்கு வந்தது அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும். ஆள் கெட்டவர் இல்லை. சம்பளம் ஒரு நாளும் பிந்தியதில்லை. ஆனால் பெண்பிள்ளைக்கு லைற் பிடிக்கத்தான் வரும் என்பது அவருடைய முடிவு. அந்த முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

அவரிடம் ஒரு மக்ரோ லென்ஸ் இருந்தது. மிகச் சின்னப் பொருளுக்கு மிகக் கிட்டப் போய், அதிலுள்ள கீறல், தூசி எல்லாம் தெரியப் படம் பிடிக்கிற லென்ஸ். மோதிரம், தாலி, மணப்பெண்ணின் கண்மை இவற்றுக்காக மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். ஒரு நாள், “நான் ஒருக்காப் பூட்டிப் பாக்கட்டோ அண்ணை?” என்று கேட்டேன்.

“உனக்கு உது பிடிபடாது, பிள்ளை. கை ஆடக் கூடாது, மூச்சு விடக் கூடாது.”

“பதினொரு வருசமாய் லைற்றை ஆட்டாமல் பிடிச்ச கை அண்ணை இது.”

சிரித்தார். லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன்.

விட்டுவிட்டு என்ன செய்தேன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். என் தாலிக்கொடியை விற்றுக் கமரா வாங்கினேன். அதைக் கட்டியவர் வெளிநாடு போய், அங்கேயே வேறொரு குடும்பமாகி எட்டு வருடம் ஆகிவிட்டது. கொடி மட்டும் என் கழுத்தில் கிடந்து என்ன செய்யப் போகிறது? நகைக்கடைக்காரர் என் கண்முன்னாலேயே அதை உரைகல்லில் உரசிப் பார்த்தார், நிறுத்தார், எடுத்துக்கொண்டார். “கொடியை வித்துப் படம் பிடிக்கிறாளாம்” என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஓம், விற்றேன். இன்னொரு கொடி இருந்திருந்தால் அதையும் விற்று நல்ல ஃபிளாஷ் ஒன்று வாங்கியிருப்பேன்.

ஆனால் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். கமராவோடு வந்த லென்ஸ் போதாதென்று இன்னொரு சின்ன லென்ஸும் வாங்கினேன். மக்ரோ இல்லை, சாதாரண லென்ஸ். எங்கள் வீடுகளில் விலைகூடிய பொருள் எதுவென்றாலும் அலுமாரிக்குள்தான் போகும். அலுமாரிக்குள் போன எதற்கும் பூச்சி உருண்டை போட்டுத்தான் வைப்போம். நானும் அப்படியே செய்தேன். லென்ஸை ஒரு துணியில் சுற்றி, நல்ல சேலைகளுக்கு நடுவில் வைத்து, பக்கத்தில் இரண்டு உருண்டை கூடுதலாகவே போட்டேன். பூச்சி அரிக்கக் கூடாது அல்லவா! மூன்று மாதம் கழித்து எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பால் படிந்ததுபோல ஒரு மங்கல்.

யாழ்ப்பாணத்தில் கமரா திருத்துகிறவர் லென்ஸை வாங்கியதும் முதலில் மூக்கில் வைத்துத்தான் பார்த்தார்.

“அக்கா, உதைச் சேலைக்குள்ளையோ வைச்சனீங்கள்?”

ஓம் என்று தலையாட்டினேன்.

“எங்கடை ஆக்கள்தான் உப்பிடிக் கொண்டு வாறவை. அந்த உருண்டையின்ரை ஆவி கண்ணாடியிலை போய்ப் படிஞ்சிடும். பாப்பம், துடைக்க ஏலுமோ எண்டு.”

துடைக்க ஏலவில்லை. அந்தக் கதை எப்படியோ சாவகச்சேரிக்கும் போய்விட்டது. முதலாளி கலியாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். லென்ஸுக்குப் பூச்சி உருண்டை போட்டவள் என்று பெயரெடுத்தபடிதான் என் சொந்தத் தொழில் தொடங்கியது. ஒரு வருடமாகப் பிறந்தநாள், குடிபுகுதல், பிள்ளைகள் பெரியபிள்ளையானதற்கு இரண்டு சாமத்திய வீடு. கலியாணம் ஒன்றுகூட வரவில்லை. கலியாணம் வராவிட்டால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. திரும்பவும் போய் லைற் பிடிக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் லண்டனிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு மணப்பெண்ணின் அப்பாவுடைய தங்கை. நான் செய்த சாமத்திய வீட்டு அல்பம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். மருமகளின் கலியாணப் படச் செலவு முழுக்க அவருடையது, ஆகவே படம் யார் பிடிப்பது என்பதும் அவருடைய முடிவு.

“பொம்பிளைப்பிள்ளை எடுத்தால் பொம்பிளையை வடிவாய் எடுப்பா எண்டு நினைச்சன். மக்ரோ லென்ஸ் இருக்கோ பிள்ளை?”

“ஓம் அன்ரி, இருக்கு” என்றேன். இல்லை.

“இஞ்சை எல்லாரும் அதாலைதான் கொடியை எடுக்கினம். பூட்டடியிலை எத்தனை கரட் எண்டு முத்திரை இருக்கும். அதை வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு படம் எனக்கு வேணும். மாப்பிளை பகுதி என்னத்தைப் போட்டு எங்கடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகினம் எண்டு நாலு பேர் பாக்கத்தானே வேணும்? அந்தப் படம் சரியாய் வந்தால் எங்கடை ஆக்களின்ரை கலியாணம் எல்லாம் உமக்குத்தான். சரிவராட்டில் அதையும் நான் எல்லாருக்கும் சொல்லுவன்.”

எங்கள் பக்கத்தில் தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரும். எத்தனை பவுண் என்பதை வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் எடை போடுவார்கள். லண்டன் அன்ரி அதற்கு என் கண்ணை வாடகைக்கு எடுக்கிறார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் ஒத்துக்கொண்டேன். எனக்குக் கலியாணம் வேண்டியிருந்தது. ஐந்து கிழமைக்குள் ஒரு மக்ரோ லென்ஸும் வேண்டியிருந்தது.

புதிது வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே குறைந்த விலையில் என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் பார்த்தேன். லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டுகிற பூதக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்த ஒருவரிடம் இரவல் வாங்கி, மேசையில் கடுகைக் கொட்டிப் படம் பிடித்தேன். நடுவில் இருந்த கடுகு நன்றாக வந்தது, ஓரத்துக் கடுகுக்கெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கரை கட்டியிருந்தது. பிறகு கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பூட்டுகிற வெற்றுக் குழாய். அதில் கண்ணாடியே இல்லை, அதனால் மலிவு. படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் பொருளுக்கு முட்டுகிற அளவு கிட்டப் போக வேண்டும். போனால் லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழுகிறது. கடுகுக்குப் பரவாயில்லை. மணவறையில் ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான் தலையை விட்டுக்கொண்டு நிற்க முடியுமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் நீளமான சூம் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார்கள்.

“இதிலை மக்ரோ எண்டு போட்டிருக்கு அக்கா. ரெண்டு வேலையும் செய்யும்.”

நான் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்தேன். அதன் தண்டில் ஒரு முத்திரை உண்டு. லென்ஸைப் பூட்டி, எவ்வளவு கிட்டப் போகலாமோ போய்ப் பிடித்தேன். திரையில் தோடு வடிவாய்த்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் முத்திரை இருந்த இடத்தில் ஒரு புள்ளி. உண்மையான மக்ரோ என்றால் பொருள் எவ்வளவோ அவ்வளவாகக் கமராவுக்குள் விழ வேண்டும், இது அதில் கால்வாசிகூட இல்லை.

“எழுதினதை நான் நம்பமாட்டன் தம்பி, என்ரை தோட்டைத்தான் நம்புவன்” என்று சொல்லிவிட்டுத் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்திருந்து, எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று யோசித்தேன். தானாகக் குவிகிற வசதி தேவையில்லை. அவ்வளவு கிட்டத்தில் அது முன்னும் பின்னும் ஓடிக் களைத்துப்போகுமே தவிர நிற்காது, கையால் குவிப்பதுதான் வேலைக்கு உதவும். பெயர்போன கொம்பனி தேவையில்லை. பெட்டி, பற்றுச்சீட்டு, உத்தரவாதம் ஒன்றும் தேவையில்லை. கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். தூரம் வேண்டும். அறுபது மில்லிமீற்றர் லென்ஸ்தான் மலிவு, ஆனால் அது திரும்பவும் முட்டப் போகச் சொல்லும். தொண்ணூறு அல்லது நூறு என்றால் ஒரு சாண் தள்ளி நின்று மரியாதையாகப் பிடிக்கலாம். ஆக, பழைய தொண்ணூறு, குவிக்கிற மோட்டர் செத்துப்போயிருந்தாலும் குற்றமில்லை.

இதற்குள் முதலாளிக்குச் சேதி போய்விட்டது. போன் எடுத்தார்.

“உனக்கு மக்ரோ தேவையாம். என்னட்டைக் கேட்டிருக்கலாமே. கலியாணத்தண்டைக்கு நானே கொண்டுவந்து எடுத்துத் தாறன்.”

“வேண்டாம் அண்ணை. நீங்கள் வந்தால் நான் திரும்ப லைற்தான் பிடிக்கவேணும்.”

“பூச்சி உருண்டை போடாமல் வைச்சிருப்பியோ?”

போனை வைத்துவிட்டேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

நான் தேடியது குருநகரில் கிடைத்தது. இணையத்தில் ஒரு விளம்பரம்: பழைய தொண்ணூறு மில்லிமீற்றர் மக்ரோ, தானாகக் குவியாது, பத்து வருடமாகப் பாவிக்கவில்லை. கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் வீடு. படலையின் இரும்பெல்லாம் துரு ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் பத்து வருடம் கிடந்த லென்ஸ் என்ன நிலையில் இருக்கும்? திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

என் வயதுள்ள பெண் ஒருவர் வந்தார். கணவர் கோவில் பெருநாள்களுக்குப் படம் பிடித்தவர், இப்போது பிரான்ஸில். அந்தப் பெண் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைச் சுற்றி சைக்கிள் ரியூப் இறுக்கிப் போட்டிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு துணிப்பை, அதன் மேல் லென்ஸ்.

“பைக்குள்ளை என்ன?”

“வறுத்த அரிசி. ஈரத்தை இழுக்கும். மாசத்துக்கு ஒருக்கா மாத்துவன். எங்கடை வீட்டிலை ஒண்டையும் சும்மா வைக்கேலாது அக்கா, காத்து யன்னல் கம்பியையே தின்னுது.”

டோர்ச் அடித்து ஒரு பக்கத்தால் பார்த்தேன். மறுபக்கத்தால் பார்த்தேன். பூஞ்சணம் இல்லை, மங்கல் இல்லை. உரும்பிராயில், கடலே தெரியாத வீட்டில், அலுமாரிக்குள் பக்குவமாக வைத்து நான் ஒரு லென்ஸைப் பாழாக்கினேன். இவர் அலைச் சத்தம் கேட்கிற அறையில் அரிசியை வறுத்து வறுத்து ஒரு லென்ஸைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. தோட்டைக் கழற்றி அவருடைய மேசையில் வைத்துப் படம் பிடித்தேன். முத்திரையில் ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக நின்றது.

விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன்.

“குறைக்கேலாது அக்கா. விருப்பமெண்டால் எடுங்கோ, இல்லையெண்டால் இன்னும் பத்து வருசம் அரிசி வறுக்கிறன்.”

அவரை எனக்குப் பிடித்துக்கொண்டது. சொன்ன விலைக்கே எடுத்தேன், டின்னையும் தந்துவிட்டார்.

அடுத்த இரண்டு கிழமையும் அந்த லென்ஸோடுதான் இருந்தேன். வளையத்தைத் திருப்பிக் குவிக்க முயன்றால் சரிவராது. வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். அவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழுவது ஒரு அரிசியின் தடிப்புக்கூட இல்லை. அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துபோகும். மூச்சை விட்டு முடித்த அந்த இடைவெளியில் அழுத்த வேண்டும். மிளகாய்ப்பூவைப் பிடித்தேன். சீனி தூக்கிக்கொண்டு போன எறும்பைப் பிடித்தேன், அதன் காலில் மயிர் இருக்கிறது. இவ்வளவு காலமும் நான் காலால் மிதித்துத் திரிந்த இடத்திலேயே இதெல்லாம் இருந்ததா என்று அதிசயமாக இருந்தது. நாற்பது வயதில் வாய்விட்டுச் சிரித்தபடி முற்றத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். எனக்கு அது பிடிபட்டுவிட்டது.

கலியாணத்துக்கு முன்னர் புத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் நடந்தது. நல்ல நேரம் பார்த்து ஆசாரியார் வீட்டுக்கே வந்து, தாலி செய்வதற்கான பொன்னைச் சபைக்கு முன்னால் உருக்குவார். புத்தூர் என்று எழுதுகிறேன், உண்மையில் அது வேறு ஊர். இதை எழுதலாமா என்று பின்னாளில் மணப்பெண்ணிடம் கேட்டபோது, “எழுதுங்கோ அக்கா, ஊரை மட்டும் மாத்திப் போடுங்கோ” என்றார். மாற்றியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய் தோட்டம் செய்து வளர்த்த பிள்ளை. அன்றைக்கு அந்தத் தாய் முன்னுக்கு வரவேயில்லை. கணவனை இழந்தவர் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததை அவர் இன்னும் கடைப்பிடித்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளே நின்றார். பொன் உருகி ஒரு மணியாகத் திரண்டு நடுங்கியதை நான் பிடித்தேன். அந்தப் படத்தை அவருக்குத் திரையில் காட்டினேன். “என்ரை பிள்ளையின்ரை தாலி” என்றார்.

கலியாணத்தன்று காலை திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். தட்டத்தில் கூறைச்சேலை, அதன் மேல் தாலியோடு கொடி. மண்டபத்துக்குப் புறப்படுவதற்கு முன் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டு, தட்டத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தாய் மட்டும் அறையில் நின்றார். கொடியின் பூட்டடிக்குக் கிட்டப் போனேன். மூச்சை விட்டேன். அழுத்தினேன். இரண்டு படம்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்திரை இல்லை. சரி, வேறு பக்கத்தில் இருக்கலாம் என்று நகர்த்தினேன். வளையமும் வளையமும் உராய்கிற இடத்தில் மஞ்சள் முலாம் தேய்ந்து, உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. என் சொந்தக் கொடியை உரைகல்லில் உரசியதைப் பார்த்தவள் நான், பார்த்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நிமிர்ந்தேன். தாய் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உதுக்குள்ளை எல்லாம் தெரியுமோ?”

“ஓம் அம்மா. தெரியும்.”

கட்டிலின் விளிம்பில் இருந்துவிட்டார்.

“தாலி தங்கம்தான். உருக்கேக்கை நீங்களும் பாத்தனீங்கள். கொடிதான் இப்பிடி. பொம்பிளைக்கும் தெரியும், அவனும் அவவும் கதைச்சு எடுத்த முடிவு. கொடிக்கு வைச்சிருந்த காசிலை கிணத்தோடை ஒரு துண்டுத் தோட்டக்காணி வேண்டிப் போட்டினம். நல்ல காரியம்தான், நானும் ஓம் எண்டனான். ஆனால் வெளியிலை தெரிஞ்சால் என்ரை பிள்ளையைத்தான் சொல்லுவினம். தகப்பன் இல்லாதவன் செம்பைக் கொண்டுவந்து கட்டிப்போட்டான் எண்டுவினம். நான் இவ்வளவு காலமும் அவனை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லாமல் வளத்தனான்.”

முதலில் எனக்கு வந்தது கோபம். அவர் மேல்தான். உலகத்தில் எத்தனை கலியாணம் நடக்கிறது, நான் தனியாக எடுக்கிற முதல் கலியாணத்திலா இந்தச் செம்பு வந்து தெரிய வேண்டும்? இந்த ஒரு படத்துக்காகத்தானே ஐந்து கிழமை அலைந்தேன். அது இல்லையென்றால் எனக்கு இனிக் கலியாணம் இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லவும் வாயெடுத்தேன். அவருடைய கைகளைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் வெங்காயம் நட்டு வெடித்துப்போயிருந்தது. பிறகு கோபம் தானாகவே லண்டன் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு இளம் பிள்ளைகள் கழுத்தில் தொங்க வேண்டியதைக் கிணறாக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்க இவர்கள் யார்? கொடியை விற்றபோது என்னைக் கேட்டவர்களும் இப்படிப்பட்ட ஆட்கள்தானே.

அவர் பக்கத்தில் போய் இருந்து, கமராவை அவருக்குத் தெரியும்படி பிடித்து, இரண்டு படத்தையும் அழித்தேன்.

“பாருங்கோ. இல்லை.”

“அப்ப உங்களுக்குப் படம் இல்லாமல் போகுமே?”

“எனக்கு ஒண்டும் இல்லை அம்மா. முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ, உங்களை ஒரு படம் எடுக்கவேணும். முன்னுக்கு வந்து தட்டத்தைப் பிடியுங்கோ.”

“நான் பிடிக்கக் கூடாது பிள்ளை.”

“படத்துக்குத்தானே. ஆரும் கேட்டால் படம் பிடிக்கிறவள் சொன்னவள் எண்டு சொல்லுங்கோ.”

பிடித்தார். அழித்த இரண்டையும்விடத் தெளிவான படத்தை நான் இன்றுவரை எடுத்ததில்லை, ஆனாலும் அந்தக் கலியாணத்தில் எனக்குப் பிடித்த படம் இதுதான்.

மண்டபத்தில் தட்டம் சபையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டு வாழ்த்தினார்கள். கலியாணத்துக்கு வந்திருந்த லண்டன் அன்ரி என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். நல்ல பட்டு, நல்ல வாசனை.

“கிட்ட எடு பிள்ளை. இன்னும் கிட்ட. பூட்டடியை எடு.”

கிட்டப் போனேன். எவ்வளவு கிட்ட வேண்டுமோ அவ்வளவு. ஆனால் தெளிவைத் தாலியில் நிறுத்தினேன். ஒரு அரிசித் தடிப்புக்குள் தாலி மட்டும் நின்றது, புத்தூரில் எல்லோர் முன்னாலும் உருகிய அந்தத் தங்கம் மட்டும். பின்னால் கொடி முழுவதும் மஞ்சள் புகையாகக் கரைந்துபோனது. இருபது படம் பிடித்தேன், இருபதும் அப்படியே. என் கை ஒரு முறைகூட ஆடவில்லை. அன்ரி லென்ஸின் நீளத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

படங்களை அனுப்பிய மறுநாள் அழைப்பு வந்தது. அன்ரி அப்போது லண்டனுக்குத் திரும்பிவிட்டார்.

“எல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை. பொம்பிளையை நல்லாய் எடுத்திருக்கிறீர். ஆனால் கொடி ஏன் எல்லாத்திலையும் கலங்கிக் கிடக்கு? ஒண்டிலைகூட முத்திரை தெரியேல்லை. அந்த ஒண்டைத்தானே நான் கேட்டனான்?”

என்னிடம் மறுமொழி இருந்தது. மக்ரோவில் தெளிவு எவ்வளவு மெல்லியது, நான் அதை எங்கே வைத்தேன், எவ்வளவு கச்சிதமாக வைத்தேன் என்று அரை மணித்தியாலம் விளக்கியிருப்பேன். அதை விளக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் வேண்டுமென்றுதான் கலக்கினேன் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி ஏன் என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த கேள்வி புத்தூருக்குப் போகும்.

“அன்ரி, எனக்கு அந்த லென்ஸ் இன்னும் சரியாய்ப் பிடிபடேல்லை” என்றேன்.



“அப்ப ஏன் பிள்ளை இருக்கு எண்டு சொன்னனீர்? தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லவேணும்.”

“ஓம் அன்ரி. என்ரை பிழைதான்.”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லோருக்கும் சொன்னார். அவர்களுடைய ஆட்களின் அடுத்த கலியாணம் சாவகச்சேரி முதலாளிக்குப் போனது. அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்கே அவர் எனக்குப் போன் எடுத்தார்.

“நான் அண்டைக்கே சொன்னனான், பிள்ளை. உனக்கு உது பிடிபடாது எண்டு. லென்ஸை விக்கிறதெண்டால் சொல்லு, நான் எடுக்கிறன்.”

காது இரண்டும் கொதித்தது.  இன்னும் பத்து வருடம் அரிசி வறுப்பேன் என்று குருநகர்ப் பெண் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

“விக்கேலாது அண்ணை” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, தாச்சியில் அரைச்சுண்டு அரிசியைப் போட்டு வறுத்தேன். டின்னுக்குள் அரிசி மாற்றுகிற நாள் அது.